வாகனங்கள் நகர்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் காலையில் போக்குவரத்து நிலவரம் சொல்லும்போது, “தீவு விரைவுச்சாலையில் சாங்கி நோக்கிச் செல்லும் வாகனங்கள் மெதுவாக நகர்கிறது” என்கிறார்கள். ஒரு வாகனம் என்றால் நகர்கிறது. பல வாகனங்கள் என்றால் நகர்கின்றன. தொடக்கப்பள்ளியில் படிக்கும் பாடம் இது. ஆனால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியில் வரும் காணொளிச் செய்திகளிலும் ‘விலைகள் உயர்ந்தது’, ‘கட்டடங்கள் சரிந்தது’, ‘பள்ளிகள் நாளை திறக்கப்படுகிறது’, ‘பல கேள்விகள் எழுந்துள்ளது’ என்று கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது சரியாகச் சொன்னால்தான் காதுக்குப் புதிதாக இருக்கிறது. எனக்கு இது பெரிய வருத்தம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் டாக்சி ஓட்டுகிறேன். வண்டியில் ஏதாவது ஒரு தமிழ்க் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். எந்த நிலையம், எந்த நிகழ்ச்சி, யார் சொன்னது என்று இங்கே எழுதப் போவதில்லை. இங்கிருந்து ஒலிபரப்பாவது, மலேசியாவின் ஜொகூர்ப் பக்கமிருந்து அலைவரிசையில் எட்டுவது, சென்னையிலிருந்து கைப்பேசிக்கு வருவது எல்லாவற்றையும் கேட்கிறேன். எல்லாவற்றிலும் இந்தப் பிழைகள் இருக்கின்றன. சொல்லப்போனால் சென்னைச் செய்தி ஒளிவழிகளில் இன்னும் அதிகம். ஆனால் அங்கே கோடிக்கணக்கானவர்கள் தமிழ் பேசுகிறார்கள். ஒரு செய்தி வாசிப்பாளர் தவறாகச் சொன்னாலும் பிள்ளையின் காதில் சரியான தமிழ் விழுவதற்கு வேறு பல வழிகள் உண்டு. இங்கே நிலைமை அப்படி இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, வகுப்பறைக்கு வெளியே எழுத்துத்தமிழ் காதில் விழுகிறது என்றால் அது பெரும்பாலும் செய்தியிலும் அறிவிப்பிலும் விளம்பரத்திலும்தான். அந்தப் பிள்ளைக்கு ஒலிபரப்பாளரும் ஓர் ஆசிரியர். அவர் அதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

என் பேத்தி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். கட்டுரையில் “பறவைகள் கூட்டமாகப் பறந்தது” என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘பறந்தன’ என்று மேலே எழுதியிருந்தார். பேத்திக்கு அது புரியவில்லை. “தாத்தா, ரேடியோல நியூஸ்ல இப்படித்தானே சொல்றாங்க? அவங்களுக்கு மார்க் குறைக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் பிள்ளைகளிடம், நிறையத் தமிழ்ச் செய்தி கேள், வாய்மொழித் தேர்வுக்கு உதவும் என்று சொல்கிறோம். கேட்டதை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகிறது. இதில் பிள்ளையின் தவறு எங்கே இருக்கிறது?

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாம் வாயால் பேசும் தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று இல்லை. “வண்டிங்க மெதுவா போகுது”, “மாடுங்க வந்துச்சு” என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். அதில் ஒரு குறையும் இல்லை. பேச்சுத்தமிழின் இலக்கணம் அப்படி. ‘அவங்க வந்தாங்க’, ‘அவன் வந்தான்’ என்று மனிதர்களுக்கு மட்டும் அது வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிறது. பிழை எப்போது வருகிறது என்றால், பேச்சின் வினையை எடுத்து எழுத்தின் உடையைப் போட்டுவிடும்போது. ‘வண்டிங்க’ என்பது ‘வாகனங்கள்’ ஆகிவிட்டது, ‘மெதுவா’ என்பது ‘மெதுவாக’ ஆகிவிட்டது, ‘போகுது’ மட்டும் ‘நகர்கிறது’ என்று ஒருமையிலேயே நின்றுவிட்டது. இது பேச்சுத்தமிழும் இல்லை, எழுத்துத்தமிழும் இல்லை.

ஆகவே என் புகார் பேச்சுத்தமிழைப் பற்றியது அன்று. காலை நிகழ்ச்சியில் படைப்பாளர்கள் வீட்டுத் தமிழில் கலகலப்பாகப் பேசுவது எனக்கு மிகவும் பிடிக்கும். கல்வி அமைச்சின் மறுஆய்வுக் குழுவும் 2005ஆம் ஆண்டிலேயே வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல முடிவு அது. பிள்ளை தமிழில் வாய் திறக்க வேண்டும் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொல் விழுவதைப் பற்றியும் நான் எழுதவில்லை; அதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சுத்தமிழ் என்றால் முழுக்கப் பேச்சுத்தமிழ். செய்தி, அறிவிப்பு, திரையின் அடியில் ஓடும் வசன வரி என்று எழுத்துத்தமிழை எடுத்துக்கொண்டால் அதன் வினைமுற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பல பிழைகள் வீட்டில் யாருமே செய்யாதவை. மைக் முன்னால் வந்து நின்றதும், கொஞ்சம் கம்பீரமாகப் பேச வேண்டும் என்று நினைத்ததும் வருபவை.

‘மற்றும்’ என்பதைப் பாருங்கள். “சிங்கப்பூர் மற்றும் மலேசியா”, “பெற்றோர் மற்றும் மாணவர்கள் மற்றும் ஆசிரியர்கள் கலந்துகொள்ளலாம்”. புளோக்கின் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்பிலிருந்து சமூக மன்ற நிகழ்ச்சித் துண்டறிக்கை வரைக்கும் இதே கதைதான். எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை “அம்மா மற்றும் அப்பா கடைக்குப் போயிருக்காங்க” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “அம்மாவும் அப்பாவும்” என்றுதான் மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். தமிழில் இரண்டு பெயர்களைச் சேர்க்கும் வேலை ‘உம்’முக்கு உரியது. ஒவ்வொரு பெயரோடும் அது தனித்தனியே போய் ஒட்டிக்கொள்ளும். பெயர்கள் நீண்டுகொண்டே போனால் ‘ஆகியோர்’, ‘ஆகியவை’ என்று முடிக்கலாம். மனிதர்களுக்கு ஆகியோர், மற்றவற்றுக்கு ஆகியவை. ‘மற்றும்’ என்பது ‘இன்னும்’, ‘மேலும்’ என்ற பொருளில் வர வேண்டியது. ஆங்கில அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் எடுத்துவைக்கும்போது ஆங்கிலத்தில் நடுவில் ஓர் இணைப்புச்சொல் நிற்கிறது. தமிழிலும் நடுவில் ஏதாவது நிற்க வேண்டும் என்று நினைத்து இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இப்போது கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு வாக்கியத்துக்கு ஒரு ‘மற்றும்’ தவறாமல் வருகிறது. நான் படித்த காலத்தில் எங்கள் தமிழாசிரியர், ‘உம்’மைச் சரியாகப் போடத் தெரிந்தவனுக்குத் தமிழ் வாக்கியம் பாதி கைவந்துவிட்டது என்பார். இன்று வானொலி கேட்கும்போதெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது.

‘ஒவ்வொரு மாணவர்களும்’, ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு என்றாலே ஒன்று ஒன்றாக எடுப்பது. பிறகு ‘கள்’ எதற்கு? ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு வீட்டிலும். வீட்டில் “ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி” என்றுதானே சொல்கிறோம். டாலரை இங்கே வெள்ளி என்போம்; விளம்பரங்களில் ‘இருபது வெள்ளிகள் மட்டுமே’ என்கிறார்கள். தேக்காவில் எந்தக் கடைக்காரரும் வெள்ளிகள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எண் முன்னால் நின்றால் அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயம் இல்லை. பத்து மாடு, மூன்று பேருந்து, இருபது வெள்ளி என்றாலே போதும். இப்படி ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பெயருக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயர்; நன்னூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. பெயரில் ‘கள்’ இல்லாவிட்டாலும் எத்தனை என்பதை வினைமுற்றே சொல்லிவிடும். அவ்வளவு நுட்பமான ஒரு வசதி நம் மொழியில் இருக்கிறது. நாமோ இருக்க வேண்டிய வினைமுற்றில் பன்மையை எடுத்துவிட்டு, தேவையில்லாத ‘வெள்ளி’யில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

பாடல் கேட்டு அழைக்கும் நேயர்கள், “எனது மனைவிக்கு இந்தப் பாடலை வழங்குகிறேன்” என்கிறார்கள். படைப்பாளரும், “உங்களது மனைவிக்காக” என்று திரும்பச் சொல்கிறார். ‘அது’ என்ற உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது என்பது மரபு. எனது வண்டி சரி, எனது கைப்பேசி சரி. என் மனைவி, என் மகன், உங்கள் அம்மா என்றுதான் வர வேண்டும். இங்கேயும் வீட்டுப் பேச்சில் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘எனது பொண்டாட்டி’ என்று யார் சொல்கிறார்?

எண்களும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் வந்தால் சுதந்திரம் பெற்ற ஆண்டைப் பலமுறை சொல்வார்கள். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தி ஐந்து’. அறுபத்தைந்து என்பதுதான் சரி. பேச்சில் அறுபத்தஞ்சு என்கிறோமே, அதுவும் சரியான புணர்ச்சிதான். பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் அறுபத்து ஐந்து. நடுவில் இந்தத் ‘தி’ எங்கிருந்தும் வரக் காரணம் இல்லை. இருபத்தி, முப்பத்தி, எழுபத்தி எல்லாம் இந்த வகையே. எழுத்திலும், ‘5ம் தேதி’, ‘9ம் தேதி’ என்று போடுகிறார்கள். ஐந்தாம் என்பதில் இருப்பது ஆம், வெறும் ‘ம்’ அன்று. 5ஆம் தேதி என்று எழுதக் கூடுதலாக ஓர் எழுத்துதான் வேண்டும்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டுவிட்டு, “அண்ணே, எப்படிச் சொன்னாலும் பொருள் புரியுதே, அப்புறம் என்ன?” என்று ஒரு பயணி என்னிடம் கேட்டார். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி அவர். படித்தவர். அவருக்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கேயும் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

விபத்துச் செய்தி ஒன்றில், “கார் மோதிய பேருந்து சாலையோரத்தில் நிறுத்தப்பட்டுள்ளது” என்று வந்தது. எது எதன்மீது மோதியது? கார் வந்து பேருந்தின்மீது மோதியதா? பேருந்து போய்க் காரின்மீது மோதியதா? இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. சாலையில் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. யார் யார்மீது மோதினார் என்பதில்தான் காப்புறுதியும் வழக்கும் வேலையும் அடங்கியிருக்கின்றன. அந்தப் பேருந்து ஓட்டுநரின் மனைவி அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்? ‘காரின்மீது மோதிய பேருந்து’ அல்லது ‘பேருந்தின்மீது கார் மோதியது, அந்தப் பேருந்து...’ என்று ஓர் உருபைச் சேர்த்திருந்தால் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியலில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்துத்தான் பொருள் தெளிய வேண்டும். அந்தக் காலத்தில் ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். வானொலிச் செய்தி காதில் ஒருமுறை விழுந்து போய்விடும். திரும்பிப் பார்க்க வழி இல்லை. ஆகவே புத்தகத்தில் எழுதுகிறவரைவிட ஒலிபரப்புக்கு எழுதுகிறவருக்குத்தான் வேற்றுமை உருபில் அதிகக் கவனம் வேண்டும். தலைப்புச் செய்தியைச் சுருக்க வேண்டும் என்று முதலில் உருபைத்தான் வெட்டுகிறார்கள். வெட்டுவதற்கு வேறு எத்தனையோ இருக்கின்றன. ‘தெரிவித்துள்ளதாகக் கூறப்படுகிறது’ என்பதில் ஒன்றை வெட்டலாம். ‘இன்றைய தினம்’ என்பதை ‘இன்று’ ஆக்கலாம். “அவர் கூறுகையில் ... என்று கூறினார்” என்பதில் இரண்டு ‘கூறு’ எதற்கு?

இதே போன்ற இன்னொன்று பெயரெச்சம். “காயமடைந்த மாணவரின் தந்தை மருத்துவமனையில் இருக்கிறார்.” காயம் யாருக்கு? மாணவருக்கா, தந்தைக்கா? “காணாமல் போன மூதாட்டியின் பேரன்” என்றால் காணாமல் போனது யார்? தமிழில் பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் இரண்டு பெயர்களில் எதை வேண்டுமானாலும் போய்ப் பிடித்துக்கொள்ளும். இலக்கணப்படி இதைப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் செய்தியில் இது பிழையைவிட மோசமானது. சரி செய்வதும் எளிது. வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் போதும்: மூதாட்டியைக் காணவில்லை. அவருடைய பேரன் சொன்னது இது. நீளமான வாக்கியம்தான் செய்திக்கு அழகு என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள் போலும். கேட்கிறவருக்கு அது தொல்லை. மூச்சுவிடாமல் ஐந்து எச்சங்களை அடுக்கி, கடைசியில் வினைமுற்றுக்கு வரும்போது எழுவாய் ஒருமையா, பன்மையா என்பது வாசிக்கிறவருக்கே மறந்துபோகிறது. ‘நகர்கிறது’ வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுத்துப்பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வசன வரிகளில் ‘சுவற்றில்’ என்று வருகிறது. கிணறு என்றால் கிணற்றில், சுவர் என்றால் சுவரில். பதறினால் வருவது பதற்றம், பதட்டம் அன்று. கோத்த கையைக் ‘கோர்த்த’ கை என்கிறார்கள். முயன்றார் என்ற நல்ல சொல்லை விட்டுவிட்டு ‘முயற்சித்தார்’. ஒரு செய்திக் குறிப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் பெரிய விவாதம் நடக்கும். நான் வாழ்த்துகள் என்றுதான் எழுதுவேன். ஆனால் அதற்காக யாரோடும் மல்லுக்கட்ட மாட்டேன். அந்த ஒற்றெழுத்தில் நாம் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வினைமுற்றுக்கும் வேற்றுமைக்கும் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒற்று மிகுவதும் மிகாததும் எல்லா இடத்திலும் ஒரே அளவு முக்கியம் என்று நான் நினைக்கவில்லை. பொருள் மாறும் இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வேலை கொடுத்தார் என்றால் பணி கொடுத்தார். வேலைக் கொடுத்தார் என்றால் ஆயுதமாகிய வேலைக் கொடுத்தார். தைப்பூசத்துக்கு மறுநாள் செய்தியில் இரண்டும் வரக்கூடும். ‘தந்த பலகை’ என்றால் கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் தந்தத்தால் ஆன பலகை என்று பள்ளியில் படித்திருப்போம். வாசிக்கும்போதும் அந்த ஒற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காதுக்கு அதுதான் அடையாளம். பேச்சு வேகத்தில் ழகரம் ளகரமாவதைப் பற்றித் தனியே ஒரு கடிதமே எழுத வேண்டும், அது இங்கே வேண்டாம்.

நான் படித்தது மேக்ஸ்வெல் சாலையில் இருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியில். கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் தமிழிலேயே படித்தோம். 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அதோடு தமிழை எல்லாப் பாடத்துக்கும் உரிய மொழியாகப் படித்த தலைமுறையும் முடிந்துவிட்டது. இன்று மைக் முன் உட்காரும் இளையர்களில் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தமிழை வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் படித்தவர்கள். அப்படிப் படித்துவிட்டு, தமிழையே தொழிலாக எடுத்துக்கொண்டு, நாள்தோறும் மணிக்கணக்கில் நேரலையில் பேசுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆங்கிலத்தில் வரும் செய்தியைச் சில நிமிடங்களில் தமிழாக்கி வாசிக்க வேண்டிய நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. அதனால் குறை அவர்களுடையது மட்டும் அன்று. அவர்கள் எழுதியதை ஒலிபரப்புக்கு முன்னால் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். ஒலிபரப்பான பிறகு ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கிறார். பேசும் தமிழுக்கும் அப்படி ஒருவர் வேண்டாமா?

நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. பெருவிரைவு ரயில் நிலையத்திலும் வெள்ளித்தாளிலும் தமிழ் இருக்கிறது. அந்த இடத்தைப் பெறவும் தக்கவைத்துக்கொள்ளவும் உழைத்தவர்கள் பலர். 1935இல் இங்கே ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கி நடத்திய கோ. சாரங்கபாணி அவர்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அவருடைய காலத்தில் அந்த இதழின் மாணவர் பகுதியில் எழுதிப் பழகியவர்கள்தாம் பிறகு இங்கே ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஒலிபரப்பாளர்களாகவும் வந்தார்கள். பத்திரிகைக்கும் ஒலிபரப்புக்கும் அன்றிருந்த தொடர்பை வைத்துத்தான் உங்களிடம் இதைக் கேட்கிறேன்.

வாரம் ஒருமுறை, உங்கள் நாளிதழில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். அந்த வாரம் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரத்திலோ உங்கள் இதழிலேயோ வந்த ஒரே ஒரு வாக்கியம், அதன் கீழே அதன் திருத்தம், ஏன் என்று இரண்டு வரி. யார் சொன்னது என்று போட வேண்டாம். ஒரு வாரம் ஒருமை பன்மை, மறுவாரம் உம்மை, அப்புறம் வேற்றுமை உருபு என்று போகலாம். வாக்கியங்களை அனுப்ப வாசகர்கள் இருக்கிறோம். என்னைப் போல நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களே நிறையப் பேர் இருக்கிறோம்.

ஒலிபரப்பு நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போக்குவரத்து அறிவிப்பு ஒவ்வொரு நாளும் ஒரே அச்சில்தான் வருகிறது. சாலையின் பெயர், திசை, காரணம், நிலவரம். அந்த நாலைந்து வாக்கியங்களை ஒருமுறை சரியாக எழுதி, எழுத்துப் பெரிதாக அச்சிட்டு, ஒலிப்பதிவு அறையில் ஒட்டிவையுங்கள்: “வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன.” “லாரியின்மீது கார் மோதியுள்ளது.” “இரண்டு தடங்கள் மூடப்பட்டுள்ளன.” புதிதாக வேலைக்கு வருகிறவர் முதல் நாளே அதைப் பார்த்துப் படித்துவிடுவார். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பெற்றோரின் காரிலும் பள்ளி வாகனத்திலும் உட்கார்ந்து கேட்பது அந்த அறிவிப்பைத்தான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மற்றவற்றை அடுத்தடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டாக்சி ஓட்டுநர்,
ஈசூன்